மாவு கரைக்காத தக்காளி சூப்

வீட்டில் தக்காளி சூப் வைத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ரசம் போல நீர்த்துப் போகிறது. அல்லது அதைச் சரிக்கட்ட சோள மாவைக் கரைத்து ஊற்றி, நாக்கில் வழுக்கும் கஞ்சியாகிவிடுகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: தக்காளியை முதலிலேயே தண்ணீர் ஊற்றி வேகவைப்பது. தக்காளியின் எடையில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். அந்தச் சாறு வற்றி, சதை இறுகி, கூடவே வெந்த காய்களோடு குழைந்தால் சூப் தானாகவே கெட்டிப்படும். ருசி ஏறுவதும் அந்த வற்றலில்தான். தண்ணீர் கடைசியில், அளந்து ஊற்ற வேண்டிய பொருள்.

இங்கே சொல்லும் அளவு 4 பேருக்கு. முடிவில் ஏறத்தாழ 900 மி.லி. சூப் கிடைக்கும். நறுக்குவதிலிருந்து பரிமாறுவது வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிக்ஸிக்குப் போகும் முன் ஆறவிடும் நேரமே 15 நிமிடம்.

எந்தத் தக்காளி

நம் சந்தைகளில் இரண்டு வகை எப்போதும் கிடைக்கும். நாட்டுத் தக்காளி தட்டையாக, தோல் மெல்லியதாக, உள்ளே சாறும் விதையும் நிறைந்து, நல்ல புளிப்போடு இருக்கும். பெங்களூர்த் தக்காளி என்று விற்கும் ஹைப்ரிட், முட்டை வடிவில் சதைப்பற்றோடு, தோல் தடித்து, புளிப்பு குறைந்து இருக்கும். நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் மணம் அபாரமாக வரும். ஆனால் புளிப்பு தூக்கும், சதை போதாமல் நீர்க்கும். ஹைப்ரிட் மட்டும் போட்டால் பதம் நன்றாக வரும், ருசி சப்பென்று இருக்கும். அதனால் இரண்டையும் கலந்து போடுவதே சரி. ஹைப்ரிட் இரண்டு பங்கு, நாடு ஒரு பங்கு.

பழம் முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கூடையில் பரப்பி இரண்டு நாள் வெளியே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுக்காது. அந்தக் குளிரில் மணமும் மங்கிவிடும். தொட்டால் லேசாக அமுங்கும் பழம் சூப்புக்கு உகந்தது. அதற்காக அழுகல் ஓரம் உள்ள பழத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடுவது வேண்டாம். அந்தப் புளித்த வாடை சூப் முழுவதும் பரவும். தொடர்மழைக் காலத்துத் தக்காளி நீர்கோத்திருக்கும். அதை வற்றவைக்க 5 நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியை வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் போடச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாக்குக்கு நிறைவைத் தரும் குளூட்டமிக் அமிலம் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். விதை தொந்தரவு என்றால் பிறகு வடிகட்டியில் நின்றுவிடும்.

தேவையானவை

பெங்களூர்த் தக்காளி 500 கிராம்
நாட்டுத் தக்காளி 250 கிராம்
கேரட் 100 கிராம் (நடுத்தரமாக ஒன்று)
உருளைக்கிழங்கு 50 கிராம் (சிறியது ஒன்று)
பெரிய வெங்காயம் 60 கிராம் (சிறியது ஒன்று)
பூண்டு 4 பல்
பீட்ரூட் 15 கிராம், கட்டைவிரல் அளவுத் துண்டு
கொத்தமல்லித் தண்டு 10
பிரிஞ்சி இலை 1
முழு மிளகு 8
வெண்ணெய் 20 கிராம்
உப்பு 1 டீஸ்பூன்
சர்க்கரை அரை டீஸ்பூன், தேவைப்பட்டால் மட்டும்
தண்ணீர் மொத்தம் 400 மி.லி.
மேலே தூவப் புதிதாகப் பொடித்த மிளகு

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் கூட்டிக் குறைக்க முடியும். கேரட் இனிப்பைத் தருகிறது. சர்க்கரையின் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்துதான் சதையையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் 50 கிராமுக்கு மேல் போனால் உருளைக்கிழங்கு சூப் ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பும் போடலாம். இரவு உணவுக்குச் சூப் மட்டும்தான் என்கிற நாளுக்கு அது வயிறு நிறைக்கும். பீட்ரூட் நிறத்துக்கு மட்டும். 15 கிராம் என்பதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிராம் போனால் நிறம் ரோஸ் ஆகி, மண் வாசனை எழும். நன்கு பழுத்த தக்காளி கிடைத்தால் அதுவும் தேவையில்லை.

கொத்தமல்லித் தழை வேண்டாம், தண்டு போதும். வாசனை தண்டிலும் இருக்கிறது. தழை அரைபட்டால் சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கும். இத்தாலிய வாசனை வேண்டும் என்பவர்கள் பேசிலைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலை அதே இனம்தான். நான்கு இலை, கடைசியில். துளசி வேறு செடி. அதன் காரம் இந்தச் சூப்போடு ஒட்டாது. இஞ்சி, சீரகம், மஞ்சள்தூள் மூன்றையும் தவிருங்கள். எது சேர்ந்தாலும் சூப் ரசத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

பாத்திரம்

அடி கனத்த, வாய் அகன்ற ஸ்டீல் பாத்திரம். வாய் அகலம் ஏன் என்றால், சாறு வற்றுவது மேற்பரப்பில்தான். குறுகலான பாத்திரத்தில் அதே வற்றலுக்கு இரு மடங்கு நேரம் பிடிக்கும், அதற்குள் நிறம் கறுக்கும். நான்ஸ்டிக், பழகிய மண்சட்டி இரண்டும் நன்றாகவே வரும். அலுமினியச் சட்டி, இரும்புச் சட்டி, ஈயம் பூசாத பித்தளை இவற்றில் மட்டும் வைக்காதீர்கள். தக்காளியின் அமிலம் உலோகத்தை அரித்து, சூப்பில் காசை நக்கியது போன்ற சுவையை இறக்கும்.

செய்முறை

கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் மூன்றையும் தோல் சீவி, கால் அங்குலத் தடிமனுக்கு மேல் போகாமல் மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். வெங்காயத்தை நீளமாக அரியுங்கள். பூண்டை நசுக்காமல் இரண்டாக வெட்டினால் போதும். தக்காளியை இப்போது தொட வேண்டாம்.

பாத்திரத்தைச் சிறு தீயில் வைத்து வெண்ணெயைப் போடுங்கள். உருகி நுரைத்ததும் பிரிஞ்சி இலை, மிளகு, அடுத்து வெங்காயம், பூண்டு. வெங்காயம் கண்ணாடி போல ஆக 4, 5 நிமிடம் ஆகும். சிவக்க விடாதீர்கள். சிவந்தால் குருமாவின் வாசனை வந்துவிடும். வெண்ணெய் பழுப்பாக மாறுகிறது என்றால் தீ அதிகம் என்று பொருள். ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்தால் அடங்கும்.

இனி கேரட், உருளை, பீட்ரூட், கொத்தமல்லித் தண்டு. கால் டீஸ்பூன் உப்பு, 100 மி.லி. தண்ணீர் சேர்த்து மூடி, 10 நிமிடம் வேகவிடுங்கள். கரண்டிக் காம்பால் அழுத்தினால் கேரட் மசிய வேண்டும். மசியவில்லை என்றால் இன்னும் 3 நிமிடம். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்துவிடக் கூடாது. புளி ஊற்றிய பின் பருப்பும் காயும் வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தக்காளியின் புளிப்பும் அதைத்தான் செய்யும். காயின் செல்களைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரையாது. தக்காளியோடு ஒன்றாகப் போட்ட கேரட் அரை மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும், அரைத்தால் நறநறக்கும். சூப்பில் மணல் போன்ற ஒரு துகள் நாக்கில் படுகிறது என்றால் பெரும்பாலும் இந்த வேகாத கேரட்தான்.

கேரட் மசிந்த பிறகு தக்காளியை நறுக்குங்கள். காம்பு சேரும் வெண்மையான கடினப் பகுதியை நீக்கி, எட்டுத் துண்டாக்கி, நறுக்க நறுக்க உடனே சூடான பாத்திரத்தில் போடுங்கள், தீயைக் கூட்டிவிடுங்கள். ஏன் இந்த அவசரம்? தக்காளி வெட்டுப்பட்டதும் அதில் உள்ள நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும். பச்சையாக நறுக்கி வைத்தாலோ, பச்சையாகவே மிக்ஸியில் அடித்துவிட்டுப் பிறகு கொதிக்க வைத்தாலோ அந்த நொதிகளுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. சாறு நீர்த்து, தட்டில் ஊற்றினால் ஓரத்தில் தண்ணீர் வளையமாகப் பிரிகிறது. வேகமாகச் சூடேற்றினால் நொதிகள் செயலிழக்கும், பெக்டின் மிஞ்சும், சாறு கெட்டியாக நிற்கும். தக்காளி பேஸ்ட் தயாரிக்கும் ஆலைகளில் கெட்டியான பேஸ்டுக்கு நசுக்கிய கையோடு 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவது இதற்காகத்தான். வீட்டில் நமக்குத் தேவை, சூடான பாத்திரமும் நல்ல தீயும்.

தக்காளி போட்டதும் அரை டீஸ்பூன் உப்பு. உப்பு பட்டால் சாறு விரைவில் வெளிவரும். முதல் 5 நிமிடம் மூடி வைத்துச் சாறு விடச் செய்யுங்கள். அடுத்து மூடியை எடுத்துவிட்டு நடுத்தரத் தீயில் 12 முதல் 15 நிமிடம். இடையிடையே அடியோடு கிளறுங்கள். முதலில் குளம் போல இருக்கும். பிறகு சாறு குறைந்து, தோல் சுருண்டு தனியே கழன்று, கொதிக்கும் குமிழ் பெரிதாகி ‘பொளக் பொளக்’ என்று வெடிக்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் ஒரு நொடி அடி தெரிந்து மூட வேண்டும். அதுதான் பதம். நிறம் ஆரஞ்சிலிருந்து அடர்சிவப்புக்கு மாறியிருக்கும், பச்சை வாசனை போயிருக்கும். இதற்கு முன்னால் அடுப்பை அணைத்தால் எந்த மசாலாவும் அந்தக் குறையை மறைக்காது.

அடுப்பை அணைத்து, பிரிஞ்சி இலையையும் கொத்தமல்லித் தண்டையும் பொறுக்கி எடுங்கள். மிளகு இருக்கட்டும்.

அரைப்பது

15 நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் போட்டால் உள்ளே நீராவி முட்டி மூடியைத் தூக்கி அடிக்கும். முகத்திலும் கையிலும் தெறித்தால் கொப்புளம்தான். வெதுவெதுப்புக்கு வந்த பிறகும் ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியை ஒரு துணியால் அழுத்திப் பிடித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். கையில் பிடித்து அரைக்கும் பிளெண்டர் இருந்தால் பாத்திரத்திலேயே வேலை முடியும். அதற்கு ஆற வைக்கத் தேவையில்லை, முனை மட்டும் எப்போதும் முங்கியிருக்க வேண்டும்.

நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டாதீர்கள். விதை உடைந்து லேசான கசப்பு இறங்கும். காற்றும் கலந்து சூப் வெளிறிய ஆரஞ்சாகிவிடும். அரைத்தவுடன் நிறம் வெளுத்திருந்தால் பதற வேண்டாம். அது காற்றுக் குமிழ்தான். மறுபடி கொதிக்கும்போது சிவப்பு திரும்பிவிடும்.

அடுத்தது வடிகட்டுவது. டீ வடிகட்டியின் கண் மிகச் சிறியது. சதையும் நின்றுவிடும், கெட்டியான பகுதியைத் தூக்கி எறிந்தது போலாகும். ஜூஸ் வடிகட்டி சரியாக இருக்கும். கரண்டியின் அடிப்பக்கத்தால் வட்டமாகத் தேய்த்து, கடைசியில் வடிகட்டியின் அடியில் ஒட்டியிருப்பதையும் வழித்துப் போடுங்கள். வறண்ட தோலும் விதையும் மட்டும் மேலே நிற்க வேண்டும், ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்காது. நிறைய நிற்கிறது என்றால் தக்காளி சரியாக வேகவில்லை. மீதி 300 மி.லி. தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஜாரைக் கழுவி, அதையும் வடிகட்டியிலேயே ஊற்றிவிடுங்கள்.

கடைசிக் கொதி

வடித்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில், கேரட் தோல், பீன்ஸ் நுனி, கொத்தமல்லி வேர் இவற்றை நன்றாகக் கழுவி 20 நிமிடம் கொதிக்க வைத்து வடித்த நீர் இருந்தால் இன்னும் நல்லது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டு அதில் வேண்டாம், வாடை அடிக்கும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் முதலில் 200 மி.லி. ஊற்றிக் கொதித்ததும் பாருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் கொதித்தால் போதும்.

ருசி பார்க்க ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி ஆற்றிக் குடியுங்கள். நாக்கு சுடும் சூட்டில் உப்பும் புளிப்பும் சரியாகத் தெரியாது. முதலில் உப்பு, பிறகுதான் சர்க்கரை. ‘புளிக்கிறது’ என்று தோன்றும் பல சூப்புகளுக்கு உண்மையில் உப்புதான் போதவில்லை. மீதமுள்ள கால் டீஸ்பூன் உப்பைப் போட்டதும் புளிப்பு தணிந்து தெரியும். அதற்குப் பின்னும் புளித்தால் அரை டீஸ்பூன் சர்க்கரை.

கிரீமும் பாலும்

கிரீம் கட்டாயமில்லை. விரும்பினால் அடுப்பை அணைத்த பிறகு 2 டேபிள்ஸ்பூன். கிரீமில் கொழுப்பு கூடுதல், புரதம் குறைவு என்பதால் எளிதில் திரியாது. பால் அப்படியல்ல. தக்காளியின் புளிப்பு பாலைத் திரிக்கப் போதுமானது. சூடும் சேர்ந்தால் உடனே துகள் துகளாகும். பால்தான் ஊற்ற வேண்டும் என்றால் அங்கே மட்டும் மாவு தேவைப்படும். 100 மி.லி. குளிர்ந்த பாலில் ஒரு டீஸ்பூன் சோள மாவைக் கரைத்துத் தனியே காய்ச்சிக் கெட்டியாக்கி, அந்தப் பாலில் சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். சூப்பில் பாலை ஊற்றக் கூடாது. அப்படிச் சேர்த்த பின் கொதிக்கவும் விடக் கூடாது. பால் பொருள் ஆகாதவர்களுக்கு வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் அல்லாத ஏதாவது எண்ணெயும், கிரீமுக்குப் பதில் முதலில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் 60 மி.லி.யும் அழகாகப் பொருந்தும். தேங்காய்ப்பாலையும் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

குக்கரில் வைத்தால்

நேரமில்லாத நாளில் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு 100 மி.லி. தண்ணீருடன் இரண்டு விசில் விடலாம். அழுத்தத்தில் சூடு 120 டிகிரி வரை போவதால் புளிப்பிலும் கேரட் வெந்துவிடும். ஆனால் குக்கரில் எதுவும் வற்றாது. அரைத்து வடித்த பின் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து 10 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். அந்த 10 நிமிடத்தை விட்டால் ருசி அரைவேக்காடாகத்தான் இருக்கும்.

எங்கே தப்புகிறது

நீர்த்துவிட்டது என்றால் முதல் வழி வற்றவைப்பது. விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நேரமில்லை என்றால், ஓரம் நீக்கிய ஒரு பிரெட் துண்டைச் சூப்பிலேயே நனைத்து அரைத்துச் சேருங்கள். சோள மாவுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த நீரில் கரைத்து, சூப் கொதிக்கும்போது ஊற்றி இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். சூடான நீரில் கரைத்தால் கட்டி விழும். நெடுநேரம் கொதித்தால் புளிப்பு மாவுச்சத்தை உடைத்து, கெட்டிப்பட்டது மறுபடி நீர்க்கும்.

சர்க்கரைக்கும் அடங்காத புளிப்பு என்றால் சமையல் சோடா ஒரு சிட்டிகை, அரைக்கால் டீஸ்பூனுக்குள். நுரைத்துப் பொங்கும், கிளறினால் அடங்கும். கூடினால் சோப்பு ருசி வரும், அதைத் திருப்ப வழியில்லை.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. கிழங்கு சூப்பையே குடிக்கும், உப்பை மட்டும் தனியே எடுக்காது. இன்னும் இரண்டு தக்காளியை உப்பில்லாமல் வதக்கி அரைத்துச் சேர்ப்பதுதான் பலன் தரும்.

அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், கிளறவும் வேண்டாம். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். தீய்ந்த வாடை ஏறியிருந்தால் விட்டுவிடுவதுதான் நல்லது.

பிரெட் துண்டு

முந்தின நாள் பிரெட் சிறந்தது; புதிய பிரெட் ஈரத்தோடு இருப்பதால் மொறுமொறுப்பு நிற்காது. இரண்டு ஸ்லைஸை அரை அங்குலச் சதுரமாக வெட்டி, ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் புரட்டி, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மெத்தென்று இருக்கும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூப்பில் போடுவது மேசைக்கு வந்த பிறகுதான்.

எடுத்துவைப்பது

தக்காளி விலை இறங்கும் நாட்களில் மூன்று, நான்கு மடங்காகச் செய்து வைக்கலாம். அப்போது அரைத்து வடித்த விழுதோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீரும் கிரீமும் வேண்டாம். விழுதாக வைத்தால் இடமும் குறைவு. நன்கு ஆறியதும் கண்ணாடி அல்லது ஸ்டீல் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் 3 நாள், ஃப்ரீஸரில் 2 மாதம். பிளாஸ்டிக் டப்பா என்றால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் கொழுப்போடு சேர்ந்து சிவப்பாகப் படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. ஃப்ரீஸருக்குப் போகும் டப்பாவில் மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். உறையும்போது விழுது விரியும், கண்ணாடி வெடிக்கும். எடுத்த விழுது உருகியதும் நீர் பிரிந்து தெரியலாம். ஒரு முறை மிக்ஸியில் சுற்றி, விழுதின் அளவில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்த்து, நன்றாக ஒரு கொதி வந்ததும் இறக்கி மிளகுப் பொடியைத் தூவினால் போதும்.